லைம் கிரீம் ஜெலட்டின் சாலட்: கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கன்ஜீல்டு சாலட் என்று அழைக்கப்படும் இந்தப் பண்டம் பெயருக்குத்தான் சாலட். லைம் ஜெல்லிப் பொடி, கிரீம் சீஸ், டின் அன்னாசி, பெக்கன் பருப்பு, அடித்த கிரீம் எல்லாம் சேர்ந்து உறைந்த இளம்பச்சைக் கட்டி. ஆனால் இனிப்பு மேசைக்குப் போகாது. ஹாமுக்கும் பொரித்த கோழிக்கும் பக்கத்தில்தான் அதற்கு இடம். தேங்க்ஸ்கிவிங், ஈஸ்டர், தேவாலய விருந்து, துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் எடுத்துப்போகும் சாப்பாடு என்று எங்கும் பார்க்கலாம். ஜெல்லோ என்ற ஜெல்லிப் பொடி பிராண்டில் லைம் சுவை வந்தது 1930-ல். இன்று இந்த சாலட் என்றாலே பலருக்குப் பச்சை நிறம்தான் நினைவுக்கு வரும்.

பொருள்களில் சிக்கல் எதுவும் இல்லை. எதை எந்தச் சூட்டில் சேர்த்தோம் என்பதில்தான் இது கெடுகிறது. கடிகாரத்தை மட்டும் நம்பினால் ஒரு தடவை நன்றாக வரும், அடுத்த தடவை காலை வாரும். பதம் பார்த்துச் செய்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

இனி வருவதெல்லாம் இந்த அளவை வைத்துச் சொல்வது. லைம் ஜெல்லிப் பொடி 170 கிராம் (பெரிய பெட்டி ஒன்று, அல்லது 85 கிராம் பெட்டி இரண்டு). கொதிக்கும் தண்ணீர் 480 மில்லி. அன்னாசிச் சாறும் குளிர்ந்த தண்ணீருமாகச் சேர்த்து 240 மில்லி. கிரீம் சீஸ் 226 கிராம். நொறுக்கிய அன்னாசி 567 கிராம் டின் ஒன்று, சாறு வடித்தது. கூல் விப் (உறைய வைத்து டப்பாவில் விற்கும் அடித்த கிரீம் வகை) 226 கிராம் டப்பா ஒன்று. பெக்கன் அரை கப். பொடிப் பெட்டியில் மொத்தம் நான்கு கப் தண்ணீர் என்று போட்டிருக்கும். இங்கே மூன்று கப்தான் (720 மில்லி). கிரீமும் பழமும் சேரும்போது கூழ் தளர்ந்துவிடும், அதனால் இந்தக் குறைப்பு. இந்த அளவு 10 கப் கொள்ளும் வளைய அச்சுக்கோ, 9-க்கு 13 அங்குலத் தட்டுக்கோ சரியாக இருக்கும். அச்சு எவ்வளவு கொள்ளும் என்று தெரியாவிட்டால் முதலில் தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள்.

ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தும் உறையவில்லை

முதல் கேள்வி: பச்சை அன்னாசி, அதாவது சூடாக்காத அன்னாசி, போட்டீர்களா? ஜெலட்டின் ஒரு புரதம். பச்சை அன்னாசியில் இருக்கும் புரோமலைன் என்ற நொதி அந்தப் புரதத்தைத் துண்டு துண்டாக அறுத்துவிடும். பப்பாளி, கிவி, அத்தி, கொய்யா, பச்சை இஞ்சி ஆகியவற்றிலும் இதே வேலையைச் செய்யும் நொதிகள் உண்டு. டின்னில் அடைக்கும்போது பழம் நன்றாகச் சூடாக்கப்படுவதால் நொதி செயலிழந்துவிடுகிறது. அதனால்தான் இந்த சாலட்டுக்கு டின் அன்னாசியையே சொல்கிறார்கள். மலிவு என்பது மட்டும் காரணம் அல்ல. ஃப்ரீசரில் வைத்த அன்னாசியும் பச்சை அன்னாசிதான். குளிர் நொதியைத் தூங்க வைக்கும், கொல்லாது.

இப்படிக் கெட்டதை இன்னும் ஜெலட்டின் போட்டுக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். புதிதாகப் போட்டதையும் நொதி தின்றுவிடும். கிரீம் சேர்ந்துவிட்டதால் கொதிக்க வைக்கவும் வழியில்லை. தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வைத்து, கரண்டியால் சுரண்டி ஐஸ்கிரீம்போல் அன்றைக்கே சாப்பிட்டுவிடலாம். பச்சை அன்னாசிதான் கையில் இருக்கிறது என்றால், பொடியாக நறுக்கி அதன் சாற்றோடு ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்க விட்டு, ஆறவைத்து, வடித்துப் போடுங்கள்.

டின் அன்னாசிதான் போட்டீர்கள், ஆனாலும் கொழகொழவென்று இருக்கிறது என்றால், திரவம் கூடிவிட்டது. இந்த அளவு டின்னில் சுமார் முக்கால் கப் சாறு இருக்கும். டின்னை அப்படியே கவிழ்த்துவிட்டு, 240 மில்லி குளிர்ந்த தண்ணீரையும் தனியாக ஊற்றியிருந்தால் கணக்கு நாலு கப்பைத் தொட்டுவிடும். இதைக் காப்பாற்றலாம். சுவையில்லாத ஜெலட்டின் 7 கிராம் பொட்டலம் ஒன்றைக் கால் கப் குளிர்ந்த சாற்றில் தூவி ஐந்து நிமிடம் ஊறவிடவும். பிறகு கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து, தெளிவாகும்வரை கரைக்கவும். சாலட்டை இருபது நிமிடம் வெளியே வைத்துத் தளர்த்தவும். கரைத்த ஜெலட்டின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சாலட்டில் நாலைந்து கரண்டி எடுத்து அதில் கலக்கி, அந்தக் கலவையை மொத்தத்தோடு சேர்க்கவும். நேராகக் குளிர்ந்த சாலட்டில் ஊற்றினால் நூல் நூலாகத் திரண்டுவிடும், அதை எடுக்க முடியாது.

அடியில் ரப்பர் தகடு, மேலே கொழகொழப்பு

பொடி முழுதாகக் கரையவில்லை. கரையாத ஜெலட்டின் குருணை அடியில் தங்கி அங்கேயே கெட்டியாக உறைந்துவிடும். மேலே இருக்கும் பகுதிக்குப் போதுமான ஜெலட்டின் மிஞ்சாது. தட்டில் செய்தால் வெட்டும்போதுதான் தெரியும். அச்சில் செய்தால் கவிழ்த்ததும் அந்தத் தகடு உச்சியில் வந்து நிற்கும், எல்லார் கண்ணிலும் படும்.

தண்ணீர் குமிழி விட்டுக் கொதிக்க வேண்டும். மைக்ரோவேவில் ஆவி வந்ததும் எடுத்த தண்ணீர் பெரும்பாலும் கொதித்திருக்காது. கனமான குளிர்ந்த கிண்ணமும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். முன்கூட்டியே சுடுதண்ணீர் ஊற்றிக் கொட்டி வைத்தால் நல்லது. பொடியின் மேல் தண்ணீரை ஊற்றி, அடியைச் சுரண்டிச் சுரண்டி முழுதாக இரண்டு நிமிடம் கலக்க வேண்டும். நிறம் கரைந்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். சாயமும் சர்க்கரையும் முதலில் கரைந்துவிடும், ஜெலட்டின் கடைசியில்தான். ஸ்டீல் கரண்டியை முக்கி எடுத்து, அதன் முதுகை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பச்சைத் திரவம் வழிந்து இறங்கும்போது கண்ணாடிபோல் இருந்தால் சரி. மணல் ஒட்டியதுபோல் சின்னச் சின்னப் புள்ளிகள் நின்றால் கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து இன்னும் ஒரு நிமிடம் கலக்குங்கள். குளிர்ந்த சாற்றை அதற்கு முன்னால் ஊற்றவே கூடாது.

வெள்ளைப் புள்ளிகள், கிரீம் சீஸ் கட்டிகள்

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கிரீம் சீஸைச் சூடான ஜெல்லியில் போட்டால், வெளிப்புறம் இளகும், உள்ளே கெட்டியாகவே நிற்கும். விஸ்க்கால் எவ்வளவு அடித்தாலும் கட்டி சின்னதாகுமே தவிரப் போகாது. சீஸைத் துண்டு போட்டு ஒரு மணி நேரம் வெளியே வைக்கவும். விரலால் அழுத்தினால் எதிர்ப்பில்லாமல் உள்ளே போக வேண்டும். அதைத் தனியாகப் பீட்டரால் வழவழவென்று அடித்துவிட்டு, சூடான ஜெல்லியை இரண்டிரண்டு மேசைக்கரண்டியாக விட்டு அடிக்கவும். இட்லி மாவைவிடத் தளர்ந்த பிறகு மீதியை ஊற்றலாம். முதல் கால் கப்பில்தான் வழவழப்பு முடிவாகிறது, அங்கே அவசரப்படாதீர்கள்.

கட்டி விழுந்துவிட்டால், அன்னாசியும் கிரீமும் சேர்ப்பதற்கு முன் மிக்ஸியில் ஒரு சுற்று விடலாம். ஆறிவிட்டிருந்தால் கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிவிட்டு அடிக்கவும். மூடி இறுக்கிய சூடான மிக்ஸி ஜாரை ஓட்டாதீர்கள். ஆவி மூடியைத் தள்ளும். கூல் விப் சேர்ந்த பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. மேலே பெக்கன் தூவிப் பரிமாறுங்கள், ருசியில் குறை இருக்காது.

டப்பாவில் வரும் தடவும் வகை கிரீம் சீஸ் சீக்கிரம் கலக்கும் என்று தோன்றும். அது மிருதுவானது, சாலட்டும் அதற்கேற்பத் தளர்ந்தே உறையும். காகிதம் சுற்றிய கட்டி வகைதான் இதற்கு.

பால் திரிந்ததுபோல் பொருக்குப் பொருக்காக இருக்கிறது

முதலில் இது சீஸ் கட்டிதானா என்று பாருங்கள். ஒரு பொருக்கை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேயுங்கள். வெண்ணெய்போல் இழுபட்டால் கிரீம் சீஸ், மேலே சொன்னபடி செய்யலாம். இழுபடாமல் உருண்டால் பால் திரிந்திருக்கிறது. சவர் கிரீம், பால் இவற்றைச் சூட்டோடு சேர்த்ததன் பலன் அது. லைம் பொடியிலும் அன்னாசியிலும் புளிப்பு உண்டு. கூடவே சூடும் சேர்ந்தால் பால் புரதம் திரண்டுவிடும். கிண்ணத்தின் வெளிப்புறம் தொட்டால் குளிர்ச்சி தெரியும்வரை ஆறிய பிறகே இவற்றைச் சேர்க்க வேண்டும். திரிந்ததைத் திருப்ப முடியாது. வடிகட்டியில் அழுத்தித் தேய்த்து எடுத்தால் கண்ணுக்குத் தெரியாமல் போகும், நாக்குக்குக் கொஞ்சம் தெரியும்.

காட்டேஜ் சீஸ் சேர்க்கும் செய்முறையில் பருக்கை இயல்பு, அது கோளாறு அல்ல. பிடிக்காவிட்டால் முன்னாலேயே அரைத்துவிடுங்கள். இனிப்பை மட்டுப்படுத்த இரண்டு கரண்டி மயோனைஸ் சேர்ப்பவர்களும் உண்டு. தெற்கில் அதற்குப் பலர் எடுப்பது 1917-ல் தென் கரோலினாவின் கிரீன்வில்லில் தொடங்கிய டியூக்ஸை. அதில் சர்க்கரை கிடையாது என்பதால் இந்த இடத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. இனிப்பு மயோனைஸ் போட்டால் சேர்த்ததற்கே அர்த்தமில்லை.

கீழே கண்ணாடிப் பச்சை, மேலே நுரை என்று பிரிந்துவிட்டது. அல்லது வெள்ளையில் பச்சைத் துண்டுகள்

இரண்டும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். ஜெல்லி தண்ணீராக இருக்கும்போதே கிரீமைச் சேர்த்தால், காற்றும் கொழுப்பும் நிறைந்த கிரீம் மேலே ஏறிவிடும். ஜெல்லி உறைந்த பிறகு சேர்த்தால் அது உடைந்து துண்டு துண்டாக நிற்கும்.

சேர்க்க வேண்டிய நேரம் முட்டை வெள்ளைக்கரு பதம். கலவையை ஃப்ரிட்ஜில் வைத்து முதல் அரை மணிக்குப் பிறகு பத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பாருங்கள். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால், தண்ணீராக இருக்கும்போது கோடு உடனே மறையும். பதம் வந்ததும் கோடு ஒரு நொடி நின்று, இரண்டு பக்கமும் சோம்பலாக வந்து மூடும். கரண்டியைத் தூக்கினால் சொட்டாகாமல் பட்டையாக வழியும். அதுதான் பழமும் கிரீமும் சேர்க்கும் தருணம். கோடு மூடாமல் அப்படியே நின்றுவிட்டால் நேரம் கடந்துவிட்டது. ஃப்ரிட்ஜின் குளிரையும் கிண்ணத்தின் அகலத்தையும் பொறுத்து இது 45 நிமிடத்திலும் வரும், ஒன்றரை மணியிலும் வரும். ஓரம் முதலில் கெட்டியாகும். ஒவ்வொரு முறையும் ஓரத்தை வழித்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

தாண்டிப் போய்விட்டால் பதற்றம் வேண்டாம். கிரீம் சேர்க்கும் முன்பு என்றால் கிண்ணத்தின் அடியை வெந்நீரில் நிறுத்தி விஸ்க்கால் அடித்துத் தண்ணீராக்கி, மறுபடி பதத்துக்குக் காத்திருங்கள். ஜெலட்டின் இப்படி உருகி உறைவதில் கெடாது. கிரீம் சேர்த்த பிறகு பிரிந்ததைக் கண்டால், இன்னும் முழுதாக உறையாதவரை, கெட்டியாகத் தொடங்கும்போது அடியிலிருந்து மேலாக ஒரு தடவை மடித்துக் கலக்கினால் போதும்.

கூல் விப்பை முந்தின நாளே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். பாதி உறைந்ததைப் போட்டால் அது தொட்ட இடமெல்லாம் ஜெல்லி திரண்டுவிடும். அதற்குப் பதில் விப்பிங் கிரீம் என்றால் 360 மில்லியும் மூன்று மேசைக்கரண்டி சர்க்கரையும்; முனை சாய்ந்து நிற்கும்வரை மட்டும் அடிக்க வேண்டும். விறைத்து நிற்கும் கிரீம் மடிக்கும்போது வெண்ணெய்ப் பொருக்காகிவிடும்.

பழம் எல்லாம் ஒரே பக்கம்

அதே பதம்தான் விடை. எது எங்கே போகும் என்று தெரிந்தால் திட்டமிடலாம்: கெட்டிப் பாகில் ஊறிய டின் பழமும் திராட்சையும் அடியில் போகும். ஆப்பிள், வாழைப்பழம், பெக்கன், மார்ஷ்மெல்லோ மிதக்கும்.

செவன்-அப் அல்லது கோக் ஊற்றியதும் நுரை பொங்கி வழிந்தது

சூட்டில் ஊற்றியிருப்பீர்கள். குளிர்ந்த திரவத்துக்குப் பதிலாகத்தான் சோடா. ஜெல்லி அறைச்சூட்டுக்கு வந்த பிறகு, கிண்ணத்தின் ஓரமாக மெல்ல விடவும். நுரை தங்கினால் கரண்டியால் வழித்தெடுங்கள், விட்டால் மேற்பரப்பு பஞ்சாக உறையும்.

தட்டில் தண்ணீர் விடுகிறது

பெரும்பாலும் அன்னாசியை வடித்தது போதவில்லை. வடிகட்டியில் கொட்டி வைத்தால் மட்டும் போகாது. கரண்டி முதுகால் அழுத்தி, சொட்டு நிற்கும்வரை பிழிய வேண்டும். சர்க்கரை தூவி வைத்த ஸ்ட்ராபெர்ரி இன்னும் மோசம், உறைந்த பிறகும் சாறு விட்டுக்கொண்டே இருக்கும். ஃப்ரீசரில் வைத்த சாலட் கட்டாயம் நீர்விடும், பனிக்கட்டி ஜெலட்டின் வலையைக் கிழித்துவிடுவதால். ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்தாலும் சில நேரம் இதே கதிதான். மூடி வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

அச்சிலிருந்து வரவில்லை, அல்லது வரும்போது உடைந்தது

தட்டில் வெட்டிப் பரிமாறுவதற்கு நாலு மணி நேரம் போதும், அச்சுக்கு ஒரு ராத்திரி வேண்டும். நடுவில் விரலால் தொட்டால் ஒட்டாமல், அச்சைச் சாய்த்தால் மொத்தமாக அசைய வேண்டும்.

ஊற்றுவதற்கு முன்னால் அச்சுக்குள் எண்ணெய் ஸ்ப்ரே அடித்து, காகிதத்தால் துடைத்து மெல்லிய பூச்சு மட்டும் விடுங்கள். எடுக்கும்போது விரலை நனைத்து, மேல் ஓரத்தைச் சுற்றிலும் உள்பக்கமாக லேசாக இழுத்துவிடவும். அகலமான பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் வைத்து, அச்சை விளிம்புக்குக் கீழே வரை முக்கவும். உலோக அச்சுக்குப் பத்து நொடி. பிளாஸ்டிக்குக்கும் கண்ணாடிக்கும் பதினைந்து முதல் இருபது. சுடச்சுட வெந்நீர் வேண்டாம். பூவேலைப்பாடெல்லாம் உருகி வழவழ மேடாகிவிடும். பரிமாறும் தட்டையும் தண்ணீரால் நனைத்துக்கொள்ளுங்கள். ஈரத் தட்டில் சாலட் கோணலாக விழுந்தாலும் நடுவுக்கு நகர்த்த முடியும், காய்ந்த தட்டில் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். தட்டை மேலே கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் திருப்பி, பக்கவாட்டில் ஒரு உதறல். ‘புளுக்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் இறங்கிவிட்டது. கேட்காவிட்டால் இன்னும் ஐந்து நொடி முக்கவும். கத்தியால் நெம்பினால்தான் உடைகிறது.

இறங்கியதும் ஓரம் பளபளவென்று ஈரமாக இருந்தால் இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மேசைக்குக் கொண்டுபோங்கள். உடைந்த இடத்தை ஒட்டவைத்து, விரிசலின் மேல் அடித்த கிரீமால் ஒரு கோடு போட்டுவிட்டால் அதுதான் அலங்காரம்.

மேசையில் உருகுகிறது

ஜெலட்டின் கூழ் நம் உடல் சூட்டுக்குக் கீழேயே உருகிவிடும்; வாயில் கரைவதன் ரகசியமும் அதுவே. ஜார்ஜியா மாநிலத்தின் கோடைப் பிக்னிக்கில் நிழல் மட்டும் போதாது, ஐஸ் நிரப்பிய தட்டின் மேல் வைக்க வேண்டும். உருகுவதைவிட முக்கியம், இதில் பால் பொருள் இருக்கிறது: வெளியே இரண்டு மணி நேரம்தான், வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்.

பெக்கன் நமத்துவிட்டது

175 டிகிரி அவனில் எட்டு நிமிடம் வறுத்து, ஆறவைத்துச் சேர்க்கவும். மறுநாளைக்கு என்றால் பாதியை மேலே தூவத் தனியே எடுத்துவையுங்கள். உள்ளே போனது எப்படியும் மொறுமொறுப்பை இழக்கும்.

ப்ரெட்சல் அடித்தட்டு ஊறிப்போனது

இது ஸ்ட்ராபெர்ரி ப்ரெட்சல் சாலட் செய்பவர்களுக்கு: உப்பு ப்ரெட்சல் (மொறுமொறு பிஸ்கட் வகை) தூளும் வெண்ணெயும் சேர்த்துச் சுட்ட அடித்தட்டு, நடுவில் கிரீம் சீஸ், மேலே சிவப்பு ஜெல்லி. நடு அடுக்குதான் அணை. அது தட்டின் நாலு சுவரையும் தொட்டு அடைக்க வேண்டும். ஓரத்தில் ஒரு இடைவெளி இருந்தால் போதும், ஜெல்லி இறங்கிவிடும். சுட்ட அடித்தட்டு முற்றிலும் ஆறிய பிறகு கிரீம் சீஸைப் பரப்பி, அரை மணி ஃப்ரிட்ஜில் வைத்து, அதன் பிறகு அறைச்சூட்டுக்கு வந்த ஜெல்லியைக் கரண்டி முதுகில் விட்டு வழியவிடுங்கள். சூடான ஜெல்லி நடு அடுக்கைக் கரைத்து ஓட்டை போட்டுவிடும்.

பச்சைப் புள்ளி ஜெல்லிப் பொடியில் செய்தால் நூல் நூலாகத் திரள்கிறது

இந்தியக் கடைகளில் பச்சைப் புள்ளி போட்டு வரும் பொடியில் ஜெலட்டின் இருக்காது, கராஜீனனோ அகாரோதான். சைனா கிராஸ் என்று விற்கும் கடல்பாசியும் அந்த இனமே. அகார் 35 முதல் 40 டிகிரியிலேயே உறையத் தொடங்கும், உருக வேண்டுமானால் 85 டிகிரி வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்துப் பதம் பார்க்க இதில் அவகாசமே கிடைக்காது. குளிர்ந்த சீஸ் பட்ட இடத்தில் உடனே திரளும். பொடியை அடுப்பிலேயே கொதிக்கவிட்டுக் கரைத்து, தண்ணீரில் நாலில் ஒரு பங்கைக் குறைத்து, அறைச்சூட்டில் இருக்கும் கிரீம் சீஸில் சூடாகவே அடித்துச் சேருங்கள். கலவை வெதுவெதுப்பாக இருக்கும்போதே அறைச்சூட்டு அன்னாசியைப் போட்டு, கடைசியாக அதிகம் குளிராத கிரீமை விரைவாக மடித்து உடனே ஊற்றிவிட வேண்டும். வெட்டினால் கத்திபோல் ஓரம் நிற்கும், ஆனால் வாயில் கரையாது, உடையும்.

இவற்றில் புரதம் இல்லாததால் பச்சை அன்னாசி போட்டாலும் உறையும். ஆனால் நொதி கிரீம் சீஸின் பால் புரதத்தை விடாது. சில மணி நேரத்தில் கசப்பு ஏறிவிடும். ஆகவே இங்கேயும் டின் அன்னாசிதான்.